உறங்கும் சபையும் ஒரு பெட்டிப் பச்சைத் தேயிலையும்

"உபதேசியாரே, ஒரு சம்சயம்."

பிரசங்கத்தின் நடுவே செல்லையா மூப்பர் எழுந்து நின்றபோது நான் பெண்கள் பக்கம் ஜன்னலோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சபையில் அதுவரை யாரும் பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்றதில்லை. எழுந்து நிற்க வேண்டுமானால் முதலில் விழித்திருக்க வேண்டும்.

மேடையில் நின்றவர் என் அப்பா ஞானாபரணம் உபதேசியார். அவர் சொல்லிக்கொண்டிருந்தது மடைக்கதை. மாசி மாதக் கும்பப்பூ நெல் அறுப்புக்கு நிற்கிறது. ஒரு பேராசைக்கார விவசாயி மடையை அடைத்து, கால்வாய்த் தண்ணீர் முழுவதையும் தன் வயலிலேயே தேக்கிக்கொள்கிறான். பக்கத்து வயல் ஓர் ஏழை விதவையுடையது, அது காய்கிறது. அன்றைக்கே பெருமழை பெய்து பேராசைக்காரனின் கதிரெல்லாம் மூழ்கிப் போகிறது. மழையைக் கொட்ட வைப்பதற்காக அப்பா கையை உயர்த்திய நேரத்தில்தான் மூப்பருக்குச் சந்தேகம் வந்தது.

"சொல்லும் மூப்பரே" என்றார் அப்பா. கை மேலேயே இருந்தது.

"அறுப்புக்கு நிக்குத வயலுக்கு எவனாவது தண்ணி கெட்டுவானா? பத்து நாளைக்கு முன்னாலயே வடிச்சு விட்டுருவான்லா. இந்த ஊருல சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும்."

ஆண்கள் பக்கத்தில் தலைகள் ஆடின. மூப்பருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பின்ன அந்த விதவைக்கு வயலு காய்ஞ்சது நல்லதுல்லா? அவளுக்குத்தான் நெல்லு முழுசா வீடு வந்து சேந்திருக்கும். அவளுக்காக நாங்க எதுக்குக் கண்ணீரு விடணும்?"

அப்பாவின் கை மெதுவாக இறங்கியது. அன்று மழை பெய்யவேயில்லை. பாட்டுப் பாடி, ஜெபம் சொல்லி, சபையைக் கலைத்துவிட்டார்.

அந்தக் கதையை அப்பா பன்னிரண்டு பதின்மூன்று வருடங்களாகச் சொல்லி வந்தார். கேட்டவர்கள் எல்லோரும் உழவர்கள். ஒருவருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் ஓர் இலை.

தூணுக்கு உரியவர்கள்

எங்கள் ஊர் தோவாளைக்கும் கொட்டாரத்துக்கும் இடையில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்து கிடந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் பேரன்மார் சண்டைக்கு வருவார்கள். அந்த ஊர்ச் சபைக்கு அப்பா உபதேசியார். வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் பெரியவர் போதகர். அவரை நாங்கள் அய்யர் என்போம். அய்யர் வருடத்தில் சில முறை மாட்டுவண்டியில் வந்து போவார். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் அப்பாதான் பிரசங்கம்.

அந்தக் காலத்தில் பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் உபதேசியார் வேலையில் ஏய்க்கிறார் என்று பேசுவார்கள். அதே ஒரு மணி நேரமும் அவர்கள் உறங்குவார்கள். இரண்டும் அவர்களுடைய உரிமை.

உறக்கத்திலும் ஒரு மரியாதை வரிசை உண்டு. கோயிலுக்குள் இருந்த தூண்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு. செல்லையா மூப்பர் சாயும் தூணில் அவருடைய அப்பா சாய்ந்திருந்தார்; அதற்கு முன் தாத்தா. எண்ணெய் படிந்து அந்தத் தூண் தலை உயரத்தில் கறுத்துப் போயிருந்தது. தூண் கிடைக்காதவர்கள் சுவரில் சாய்வார்கள். சுவரும் கிடைக்காதவர்கள் முழங்காலில் முகம் புதைத்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்கள் ஜெபம் என்று நினைத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை தெரியாமல் மூப்பர் தூணில் சாய்ந்துவிட்டு, மறு வருடம் வரைக்கும் அந்தக் கோயிலுக்கு வரவில்லை.

யாரையும் குறை சொல்லவில்லை. வாரம் முழுவதும் சேற்றில் நின்ற உடம்பு. ஞாயிற்றுக்கிழமை சுத்தமான வேட்டி கட்டி நிழலில் உட்கார்ந்தால் கண் சொருகத்தான் செய்யும். அப்பாவின் குரலும் அதற்கு உதவி செய்தது. ஏற்ற இறக்கம் இல்லாத இதமான குரல்.

ஆனால் அப்பாவுக்கு அது வலித்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: "இன்னைக்குச் சுவருல சாய்ஞ்சவன் ஒருத்தன் குறட்டையும் விட்டான்." அம்மா குழம்பை ஊற்றுவாள்.

ஏலம் போகாத பெட்டி

போன மாதம் என் பேத்தி துபாயிலிருந்து வந்தாள். பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வைத்து, "இது பச்சைத் தேயிலை, குடிச்சா உடம்பு இளைக்கும்" என்றாள். எனக்கு இளைப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆனாலும் பெட்டியைத் திறந்து முகர்ந்தேன். காய்ந்த வைக்கோலும் கொஞ்சம் கடலும் கலந்த அந்த வாசனை என்னை அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோய்விட்டது.

அறுப்பின் பண்டிகை அன்று சபையார் விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். நெல், வாழைக்குலை, தேங்காய், கோழி, பூசணிக்காய். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஏலத்தில் ஒரு பொருளின் விலைக்கும் அந்தப் பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது. தன் மைத்துனன் கேட்கிறான் என்பதற்காகவே ஒருவர் ஒரு பூசணிக்காயை ஒரு கன்றுக்குட்டி விலைக்கு எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் ஏலத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே ஈயத்தாள், அதற்குள்ளே தேயிலை. சிங்கப்பூரில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் காணிக்கையாக அனுப்பியது. சீனத்துச் சரக்கு.

தேயிலை என்றால் எங்களுக்குத் தெரியாததல்ல. நாகர்கோவில் சந்தையில் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் மோட்டார் வண்டியில் வந்து இனாமாகச் சாயா கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இனாமாகக் கொடுக்கிறார்களே, இதில் என்ன சூது இருக்கிறதோ என்று பேசிக்கொண்டே எல்லோரும் வரிசையில் நின்று குடித்தார்கள். எங்கள் வடக்கு மலைகளிலும் தோட்டங்கள் இருந்தன. ஆனால் அந்தத் தேயிலை கறுப்பு. இந்தப் பெட்டியில் இருந்ததோ பச்சை.

செல்லையா மூப்பர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

"வைக்கோல் மணம் அடிக்கி. காயதுக்கு முன்னால அவசரப்பட்டு அனுப்பிட்டான் போலிருக்கு."

அவ்வளவுதான், பெட்டியின் கதை முடிந்தது. ஏலம் கூறியவர் தொண்டை வற்றக் கத்தினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏலம் போகாத பொருள் உபதேசியார் வீட்டுக்கு என்பது வழக்கம். அப்படித்தான் எங்கள் வீட்டில் ஒற்றைக் கண் சேவலும் பிடியில்லாத அரிவாளும் இருந்தன. பெட்டியும் வந்து சேர்ந்தது.

பெட்டிக்குள் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள் இருந்தது. நான் அப்போது பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மா; புதுசாக வேலையில் சேர்ந்த கர்வத்தோடு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். ஆதியில் சீனத்து ராஜா ஒருவர் மரத்தடியில் வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தாராம். காற்றில் ஓர் இலை பறந்து வந்து பானையில் விழுந்ததாம். குடித்துப் பார்த்தாராம், நன்றாக இருந்ததாம்.

"ராஜாவுக்கு வெந்நி போட்டுக் குடுக்க வீட்டுல ஆளில்லையாக்கும்?" என்றாள் அம்மா.

இன்னொரு கதையும் இருந்தது. நம்முடைய காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போன சன்னியாசி ஒருவர் வருடக்கணக்காக உறங்காமல் தியானம் செய்ய உட்கார்ந்தாராம். ஒருநாள் கண் அசந்துவிட்டது. வந்த கோபத்தில் தன் கண்ணிமைகளை அறுத்து வீசினாராம். அவை விழுந்த மண்ணில் முளைத்த செடிதான் தேயிலை. அதனால்தான் அதைக் குடித்தால் உறக்கம் வராது என்று எழுதியிருந்தது.

அப்பா அதுவரை ஒற்றைக் கண் சேவலுக்கு நெல் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கடேசி வரிய இன்னொருக்கப் படி மக்கா."

படித்தேன். மற்றச் சிறப்புகளும் அதில் வரிசையாக இருந்தன. தலைவலி போகும், சீரணம் ஆகும், நெஞ்சு லேசாகும், புத்தி தெளியும். அவை எதுவும் அப்பாவின் காதில் விழவில்லை.

கறுப்புக்கும் பச்சைக்கும் செடி ஒன்றுதான் என்று நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பறித்த இலையை வாட விட்டு, கசக்கி, ஈரத்தோடு போட்டு வைத்தால் கறுக்கிறது. வாடுவதற்கு இடம் கொடுக்காமல் உடனே சூடு காட்டி உலர்த்தினால் பச்சையாகவே நிற்கிறது. இந்த விவரம் தெரிந்திருந்தால் மூப்பர் ஏலம் கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கேட்டிருக்கமாட்டார். அவர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.

கசந்தால் நல்லது

அந்த இலையை எப்படிச் சமைப்பது என்பதில் எங்கள் தெருவில் பல அபிப்பிராயங்கள் இருந்தன. அடுத்த வீட்டு நேசம்மா சித்தி தேங்காய் துருவிப் போட்டுத் துவரன் வைக்கலாம் என்றாள். சித்தி என்று நான் கூப்பிட்டாலும் உறவொன்றும் இல்லை. புருஷனும் பிள்ளையும் இறந்து தனியாக இருந்தவள். வாயும் காதும் கூர்மை. அவள் பேச்சைக் கேட்டு அம்மா கொஞ்சம் வதக்கிப் பார்த்தாள். அதைப் பசு முகர்ந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது.

இதமான வெந்நீரில் இலையைப் போட்டுச் சிறிது நேரத்தில் வடித்துவிட வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொதிக்காத பொருளுக்குக் குணம் ஏது என்றாள். சுக்குத் தண்ணீர், அதாவது சுக்குவெள்ளம், போடுகிற பழக்கம். பெரிய வெண்கல வார்ப்பில் தண்ணீர் ஏற்றி, இரண்டு கை இலையை அள்ளிப் போட்டு, சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு வற்றும் வரை கொதிக்கவிட்டாள்.

"உறங்குதவங்கள எழுப்பி நீங்க என்னத்தச் சொல்லப்போறிய?" என்று அடுப்பை ஊதிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்.

"சொல்லுகதுக்கு இல்லாமலா இத்தன வருஷம் சொல்லுகேன்?" என்றார் அப்பா.

அம்மா இன்னொரு விறகைத் தள்ளினாள்.

தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள் முதல் மணி அடிக்கும்போதே வந்து கோயில் முற்றத்துப் புன்னை நிழலில் இருப்பார்கள். இரண்டாம் மணிக்குத்தான் உள்ளே போவார்கள். அந்த இடைவெளியில் வார்ப்பைக் கொண்டுபோய் வைத்தோம்.

முதலில் மூப்பர் தூர நின்றே விசாரித்தார். எங்கள் சபையில் கள் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர்கள்தான் எல்லோரும். வாக்குக் கொடுத்தவர்கள் யாரும் பொது இடத்தில் குடிப்பதில்லை.

"உபதேசியாரே, இது மயக்குமா?"

"மயக்கத்தத் தெளிய வைக்கும் மூப்பரே."

பெண்களுக்கு வேறு கவலை. சாயா குடித்தால் பெண்பிள்ளைகள் கறுத்துப் போவார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அப்படியானால் பச்சைச் சாயா குடித்தால் என்ன நிறம் வரும் என்று கலியாணத்துக்குப் பெண் வைத்திருந்த ஒரு தாயார் கேட்டாள். நேசம்மா சித்திதான் முன்னால் வந்து கையிலிருந்த தகரப் போணியை நீட்டினாள்.

"எனக்கு இனி மாப்பிள்ள பாக்கப் போறாவளா? ஊத்து மக்கா."

ஒரு மடக்கு குடித்ததும் அவள் முகம் கோணியது. கருப்பட்டியையும் மீறிய கசப்பு. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"கசக்கி" என்றாள். சற்று யோசித்து, "அப்போ நல்லதாக்கும்" என்றாள்.

அதற்குமேல் தடையே இல்லை. நாஞ்சில் நாட்டில் கசப்பதெல்லாம் மருந்து. மருந்து இனாமாகக் கிடைத்தால் அது அமிர்தம். இடுப்புவலிக்காரர், வாயுக்காரர், மருமகளோடு ஒத்துப்போகாதவர், எல்லோரும் இரண்டாம் முறை போணியை நீட்டினார்கள். மூப்பர் மூன்று முறை குடித்தார். கால் ஆணிக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

விழித்த சபை

சாயா குடித்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா மேடையேறி, பாதிக் கதையில் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூண்கள் தனியாக நின்றன. யாரும் சாயவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு பங்கு சோறு சாப்பிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது கப்பல் கதை. அடுத்த வாரம் வண்டிக்காரன் கதை. அதற்கடுத்து ஒரு ராஜாவின் மோதிரம். ஒவ்வொரு வாரமும் வார்ப்புப் பெரிதாகிக்கொண்டே போனது. சபையார் முன்வரிசைக்கு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். அப்பாவிடம் இருந்தவை நாலே பிரசங்கங்கள். அவற்றை மாற்றி மாற்றிச் சொல்லி வந்தார். சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன். வந்த புதிதில் புதுசு புதுசாகத்தான் தயார் செய்தார். உறங்குகிறவர்களுக்கு எதற்குப் புதுசு என்று எப்போதோ ஒரு சனிக்கிழமை தோன்றியிருக்கும்.

கப்பல் மறுபடி வந்த ஞாயிறு, பெண்கள் பக்கத்திலிருந்து நேசம்மா சித்தியின் குரல் கேட்டது. ரகசியமாகப் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, இந்தக் கப்பலு போன மாசமும் முங்கிச்சுல்லா?"

சபை முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அதற்கடுத்த வாரம் மடைக்கதை. மூப்பர் எழுந்து நின்றார். அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

மறுநாள் மாலை சபைக் கூட்டம். உபதேசியார் பழசையே அரைக்கிறார், விவசாயம் தெரியாதவர், வேறு ஆளை அனுப்ப வேண்டும் என்று அய்யருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். முதல் கையெழுத்து செல்லையா மூப்பர். கூடவே இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். இந்தச் சாயா வந்த நாளிலிருந்து சபையில் சமாதானம் இல்லை; ஆகையால் அதை உடனே நிறுத்த வேண்டும். இரண்டாவது தீர்மானத்துக்குத்தான் கை தூக்கியவர்கள் அதிகம்.

எங்களுக்கு அது விளையாட்டாக இல்லை. அப்பாவை மாற்றினால் மலையடிவாரத்துச் சபைக்குத்தான் மாற்றுவார்கள். காலியாக இருந்தது அது ஒன்றுதான். அங்கே வருடத்தில் பாதி நாள் மழையும் குளிரும். அம்மாவுக்கு இழுப்பு நோய். ஆடி மாதச் சாரலுக்கே அவள் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திண்டாடுவாள். அங்கே போனால் ஒரு வருடம் தாங்குவாளா என்று நானும் அப்பாவும் நினைத்தோம். எனக்கு ஊர்மேல் ஆத்திரமாக வந்தது. அப்பாமேலும் வந்தது.

மீதித் தேயிலையை அம்மா பிச்சிக்கொடியின் தூரில் கொட்டினாள். கொட்டுவதற்கு முன் நேசம்மா சித்தி வந்து முந்தியை விரித்தாள்.

"ரெண்டு பிடி எனக்குத் தாங்க உபதேசியாரம்மா."

"கூட்டத்துல வேண்டாம்னுல்லா சொன்னிய?"

"நான் கைய தூக்கல்ல. எனக்கு முழிச்சிருந்து கேக்கணும். பழசோ புதுசோ, வீட்டுல என்கூடப் பேச வேற யாரு இருக்கா?"

அம்மா மூன்று பிடி அள்ளிப் போட்டாள்.

புட்டும் பிரசங்கமும்

விண்ணப்பம் கிடைத்ததும் அய்யர் வருவதாகச் சொல்லியனுப்பினார். ஞாயிறன்று உபதேசியாரே பிரசங்கிக்கட்டும்; தான் உட்கார்ந்து கேட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அந்த வாரம் முழுவதும் அப்பா பகலெல்லாம் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டு வருவார். என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தெரியல்ல மக்கா" என்றார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் தன் வழியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அய்யர் விடியலிலேயே வண்டியில் புறப்பட்டு, பசியோடு வந்து இறங்கினார். அம்மா இலை போட்டாள். புட்டு, சிறுபயறு, ஏத்தன்பழம், நெய், பப்படம். அய்யர் போதும் என்று கையைக் காட்டக் காட்ட இன்னொரு குழாய்ப் புட்டை உதிர்த்தாள்.

"அந்தப் பச்சைத் தேயிலைப் பானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன், கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார் அய்யர்.

"தீந்து போச்சு அய்யரே. மோர் தருகேன்" என்றாள் அம்மா. பெரிய செம்பு நிறையக் கெட்டி மோர்.

ஆராதனை தொடங்கியது. அய்யர் மேடையருகே சாய்வு வைத்த நாற்காலியில் அமர்ந்தார். சபையார் தங்கள் தூண்களுக்கும் சுவர்களுக்கும் திரும்பியிருந்தார்கள். சாயா நின்று மூன்று வாரம்.

அன்று அப்பா கதை எதுவும் சொல்லவில்லை.

"நான் இந்த ஊருக்கு வந்த வருஷம் வாந்திபேதி வந்தது" என்று ஆரம்பித்தார். இறந்தவர்களைத் தூக்க ஆள் வரவில்லை. சொந்தக்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவர் ஒருவர்தான் மம்பட்டியோடு நின்றார். அவருக்குக் குழி வெட்டத் தெரியாது. கை முழுவதும் கொப்புளம். அப்போது ஒரு மனிதர் வரப்பு வழியே வந்து, ஒன்றும் கேட்காமல் மம்பட்டியை வாங்கிக்கொண்டார். மறுநாளும் வந்தார். நோய் ஓயும் வரை வந்தார்.

அப்பாவின் பிரசங்கத் தமிழ் எங்கோ கழன்று போய், வீட்டில் பேசுகிற பேச்சு வந்துவிட்டது.

"நேசம்மாளுக்க மகனத் துணியில பொதிஞ்சு தோளுல போட்டுக் கொண்டு வந்ததும் அவருதான். அவளுக்கு அன்னைக்குப் போதம் இல்ல. அவரு ஒரு நாளும் அதச் சொல்லிக் காட்டினதில்ல. நானும் சொல்லல்ல. இங்க இருக்கிய மனுஷர விட்டுட்டு, எங்கயோ உள்ள பேராசைக்காரனப் பத்தியில்லா இத்தன வருஷம் சொல்லிக்கிட்டு நின்னேன். அந்த மனுஷரு செல்லையா மூப்பராக்கும்."

நான் திரும்பிப் பார்த்தேன். மூப்பர் தன் தூணில் தலை சாய்த்து, வாய் சற்றே திறந்து, நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் முழுவதும் அப்படித்தான். நாற்காலியில் அய்யரின் தாடை மார்பில் படிந்திருந்தது. புட்டு தன் வேலையைச் செய்துவிட்டது.

அப்பாவும் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கடைசி வரை பேசி முடித்தார். விழித்திருந்தது நான், அம்மா, நேசம்மா சித்தி. சித்தி முந்தியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தூக்கிப் போனது யார் என்று அன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

பாட்டுச் சத்தத்தில் எல்லோரும் எழுந்தார்கள். அய்யர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சபையைப் பார்த்துச் சொன்னார்: "கண்களை மூடி ஒவ்வொரு வார்த்தையையும் உள்வாங்கினேன். இவ்வளவு ஆழமான பிரசங்கியை மாற்ற உங்களுக்கு எப்படி மனம் வந்தது? என்ன மூப்பரே, நீர் சொல்லும்."

மூப்பருக்கு வேறு வழியில்லை.

"நானும் அதத்தான் நெனச்சேன் அய்யரே. இன்னைக்குப் பிரசங்கம் கொள்ளாம், நல்லா இருந்து."

விண்ணப்பம் அங்கேயே வாபஸ் ஆனது. உறங்கிய இருவர் சேர்ந்து எங்கள் வீட்டைக் காப்பாற்றினார்கள்.

வெளியே வரும்போது மூப்பர் தன் பாயைச் சுருட்டக் குனிந்தார். நேசம்மா சித்தி முந்திக்கொண்டு அதை எடுத்து, தூசி தட்டி, சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன பிள்ளே, இன்னைக்கு ஒனக்கு என்ன வந்துது?" என்று கேட்டார் மூப்பர். பாயை வாங்கிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

அய்யரின் வண்டி போனபிறகு அம்மா அடுக்களையில் புட்டுக்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நீங்க இப்படிப் பேசுவியன்னு தெரிஞ்சிருந்தா நான் புட்டு வச்சிருக்கமாட்டேனே" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வச்சதுனாலதான் இங்க நிக்குதோம்" என்று சொல்லிவிட்டுச் சேவலுக்கு நெல் போடப் போனார். எனக்கு அழுகை வந்தது. என் வாழ்நாளில் நான் கேட்ட நல்ல பிரசங்கம் அது ஒன்றுதான். அதை அப்பா திரும்பச் சொல்லவேயில்லை.

அடுத்த ஞாயிறு மடைக்கதை. ஆனால் அதில் ஒரு திருத்தம் இருந்தது. பேராசைக்காரன் இப்போது அறுப்புக்குப் பத்து நாள் முன்பே வயலை வடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எதை அடைத்தான், எதற்காக மூழ்கினான் என்று கதையில் ஒன்றும் ஒட்டவில்லை. தூண்களிலும் சுவர்களிலும் சாய்ந்திருந்தவர்கள் யாருக்கும் அதைப் பற்றிச் சந்தேகம் வரவில்லை.

பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நேசம்மா சித்தி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, இப்போது சரியாகிவிட்டது என்று அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அம்மா கொடுத்த மூன்று பிடி இலை அவள் வீட்டில் இன்னும் தீர்ந்திருக்கவில்லை.